செம்மணல் தேரியில் கல் பொறுக்கிய ஏற்காட்டுத் துரை

சேலம் பட்டணத்தில் நின்று வடக்கே பார்த்தால் சேர்வராயன் மலை தெரியும். அதன் உச்சியில் ஏற்காடு. அங்கே ஹோலி டிரினிட்டி என்ற பழைய மாதிரி சர்ச் ஒன்று இருக்கிறது. அதன் கல்லறைத் தோட்டத்தில் மாமனார், மருமகன் இருவருமே இடம் பிடித்திருக்கிறார்கள்.

மாமனார் தமிழ்ப் பழமொழிகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். மருமகன் கற்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர்.

அந்த மருமகன்தான் ராபர்ட் புரூஸ் பூட். இந்தியாவில் ஆதி மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் சான்றைக் கண்டெடுத்தவர். சேலம், நாமக்கல் சமவெளியில் மலை மலையாக ஏறி இறங்கியவர். திருநெல்வேலிச் சீமையின் கடலோரத்தில், பாலைவனம் போன்ற செம்மணல் காட்டில் நடந்து அதன் கதையை எழுதி வைத்தவர்.

கப்பலில் வந்த இளைஞர்

பூட் பிறந்தது 1834-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி. ஊர் இங்கிலாந்தில் உள்ள செல்ட்டன்ஹாம்.

1858-ஆம் ஆண்டு இந்திய நில இயல் ஆய்வுத் துறையில் அவருக்கு வேலை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 24. அந்தத் துறை தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. தாமஸ் ஓல்டாம் என்பவர் அதன் தலைவர். எந்த மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது? நிலக்கரி உண்டா? இரும்பு உண்டா? தங்கம் உண்டா? இதைக் கண்டறிவதுதான் அந்தத் துறையின் வேலை.

பூட் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார்.

வேலை சுலபமானது அல்ல. மழைக்காலம் முடிந்ததும் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். கோடை வெயில் பொறுக்க முடியாமல் போகும் வரை வெளியிலேதான் வாசம். மாட்டு வண்டியில் சாமான்கள் வரும். துரை குதிரையிலோ கால்நடையாகவோ போவார். கையில் ஒரு சுத்தியல், ஒரு வரைபடம். பாறையைத் தட்டிப் பார்ப்பது, உடைத்துப் பார்ப்பது, படத்தில் குறிப்பது. மறுநாள் அடுத்த ஊர். காய்ச்சல் வந்தாலும் அங்கேதான் படுத்திருக்க வேண்டும்.

கஞ்சமலையின் கறுப்பு மணல்

அவர் ஆரம்பத்தில் அலைந்த இடங்களில் முக்கியமானது சேலம் ஜில்லா. கூட வேலை பார்த்தவர் வில்லியம் கிங். இருவரும் சேர்ந்து திருச்சி, சேலம், தென்னாற்காடு பகுதிகளைப் பற்றி எழுதிய அறிக்கை 1864-இல் அச்சாயிற்று.

சேலத்துக்குத் தென்மேற்கே கஞ்சமலை இருக்கிறது. சித்தர்கள் வாழ்ந்த மலை என்று ஜனங்கள் கும்பிடுவார்கள். இரும்பைப் பொன்னாக்கும் மூலிகை அங்கே உண்டு என்ற நம்பிக்கையும் உண்டு. பொன் ஆகிறதோ இல்லையோ, மலை முழுதும் இரும்பு என்பது மட்டும் நிச்சயம். கறுப்பும் வெள்ளையுமாக வரிவரியாக இரும்புக் கல் படிந்து கிடக்கிறது. மழை பெய்தால் ஓடையில் கறுப்பு மணல் இறங்கும். காந்தத்தைக் காட்டினால் அந்த மணல் ஒட்டிக்கொள்ளும்.

கஞ்சமலை மட்டும் அல்ல. கோதுமலை, தீர்த்தமலை, நாமக்கல் பக்கத்துத் தலைமலை, கொல்லிமலை என்று இந்த இரும்புப் படிவங்கள் எங்கெங்கே ஓடுகின்றன என்பதைக் கிங்கும் பூட்டும் பிரித்து எழுதினார்கள். சேலத்துக்கு அருகே வெள்ளைவெளேர் என்று கிடக்கும் மேடுகளை வெள்ளைக்காரர்கள் சுண்ணாம்புக் குன்று என்று அழைத்து வந்தார்கள். அது சுண்ணாம்பு அல்ல, மாக்னசைட். உள்ளூர்க்காரர்களோ அப்போதும் இப்போதும் வெள்ளைக்கல் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

அந்த நாளில் கிராமத்துக் கொல்லர்கள் கறுப்பு மணலை அரித்தெடுத்து, மண் உலையில் போட்டு, தோல் துருத்தியால் ஊதி இரும்பு எடுத்தார்கள். சேலத்து இரும்புக் கல்லை நம்பிப் பரங்கிப்பேட்டையில் ஹீத் என்பவர் 1830 வாக்கில் பெரிய ஆலையே வைத்தார். கரிக்காகக் காடு காடாக மரம் வெட்டினார்கள். பணம் கரைந்தது. 1860-களில் ஆலை மூடிப் போயிற்று. பிற்காலத்தில் சேலத்தில் உருக்காலை வந்தது. 1981-இல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலையும் கஞ்சமலைக் கல்லை உருக்கவில்லை. வெளியிலிருந்து வந்த உருக்கைத் தகடாக்கியது.

பல்லாவரத்தில் ஒரு கல்

1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி. சென்னைக்கு அடுத்த பல்லாவரம்.

அங்கே பட்டாளத்து மைதானத்தின் அருகே சரளைக்காக ஒரு குழி தோண்டியிருந்தார்கள். தோண்டிப் போட்ட சரளைக் குவியலில் ஒரு கல் பூட்டின் கண்ணில் பட்டது. அதைக் கையில் எடுத்தார்.

ஆற்றில் உருண்ட கல் வழவழப்பாக இருக்கும். வெயிலில் வெடித்த கல் ஒழுங்கில்லாமல் இருக்கும். இது இரண்டும் இல்லை. யாரோ வேண்டுமென்று தட்டித் தட்டிச் செதுக்கியிருந்தார்கள். விளிம்பு கூர்மையாக இருந்தது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அன்றைய நிலைமையைத் தெரிந்துகொண்டால்தான் அது விளங்கும். உலகம் தோன்றி ஆறாயிரம் வருஷம்தான் ஆகிறது என்று ஐரோப்பாவில் படித்தவர்களே பலர் நம்பிய காலம் அது. பிரான்சில் சோம் ஆற்றங்கரையில் பூஷே தெ பெர்த் என்பவர் செதுக்கிய கற்களைக் கண்டெடுத்து, ஆதி மனிதனுடையவை என்றார். வெகுகாலம் யாரும் நம்பவில்லை. 1859-இல் இங்கிலாந்திலிருந்து பிரெஸ்ட்விச் முதலான அறிஞர்கள் நேரில் போய்ப் பார்த்து, அவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டார்கள். டார்வினுடைய நூல் வெளிவந்ததும் அதே வருஷம்தான். பிரெஸ்ட்விச் எழுதியதைப் பூட் படித்திருந்தார். அதனால்தான் பல்லாவரத்தில் அந்தக் கல்லைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொண்டார்.

ஆனால் அது குழிக்கு வெளியே கிடந்த கல். ஒரே ஒரு கல். யாரோ கொண்டு வந்து போட்டது என்று சொல்லிவிட்டால் என்ன பதில்? பூட் அவசரப்படவில்லை. மேலும் தேடினார்.

நாலு மாதம் கழித்து, செப்டம்பர் 28-ஆம் தேதி, அவரும் கிங்கும் கொற்றலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இருந்தார்கள். ஓடை அரித்த கரையில் மண்ணோடு மண்ணாகப் பதிந்து கிடந்தன கற்கருவிகள். ஒன்றல்ல, பல. இனி யாரும் மறுக்க முடியாது.

அத்திரம்பாக்கத்தில் பிற்காலத்தில் சாந்தி பப்பு என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் அகழ்ந்து பார்த்தார்கள். அந்தக் கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் தெரிவித்தார்கள். பூட் கனவில்கூட அவ்வளவு பெரிய எண்ணை நினைத்திருக்க மாட்டார்!

பழமொழி மாமனார்

பூட் மணந்த பெண் எலிசபெத். அவளுடைய தகப்பனார் பீட்டர் பெர்சிவல் பாதிரியார்.

பெர்சிவலை யாழ்ப்பாணத்தார் மறக்க மாட்டார்கள். அங்கே பள்ளிக்கூடம் நடத்தியவர். ஆறுமுக நாவலரின் துணையுடன் பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தவர். சைவத்துக்காகவே வாழ்ந்த நாவலரும் பாதிரியாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து வேலை செய்தார்கள் என்றால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. பெர்சிவல் பிறகு சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். 1855-இல் தினவர்த்தமானி என்ற தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கினார். அவர் சேர்த்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகள் 1874-இல் புத்தகமாயின. 1882-இல் ஏற்காட்டில் காலமானார்.

பழமொழியும் ஒரு வகையில் கற்கருவி போலத்தான். யார் செய்தது என்று தெரியாது. பல தலைமுறை கைமாறித் தேய்ந்து வந்திருக்கும். மாமனாரும் மருமகனும் ஒரே மாதிரி ஆசைக்காரர்களாக வாய்த்துவிட்டார்கள்.

ஆப்பிரிக்காவில் ஒன்று, இங்கே ஒன்று

ஆப்பிரிக்காவின் தென்மேற்கில் நமீபியா என்ற நாடு இருக்கிறது. அதன் கடற்கரை முழுதும் பாலைவனம். மணல்மேடு நேரே கடலில் போய் முடிகிறது. கடலில் குளிர்ந்த நீரோட்டம் ஓடுவதால் எப்போதும் மூடுபனி. வழி தெரியாமல் வந்து மோதிய கப்பல்கள் எத்தனையோ. கரை ஏறிய மாலுமிகளுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடையாது. திமிங்கில எலும்பும் கப்பல் எலும்பும் மணலில் கிடப்பதால் அதற்கு எலும்புக்கூட்டுக் கடற்கரை என்றே பெயர். 1486-இல் போர்த்துக்கீசிய மாலுமி தியோகோ காவோ அந்த நாட்டுக் கரையில் ஒரு கற்சிலுவையை நாட்டிவிட்டுப் போனார். 1971-இல் அங்கே அரசாங்கம் வனப் பூங்கா அமைத்தது. சிறு விமானங்களில் பறந்து போய்ப் பார்க்கிறவர்கள் உண்டு.

அவ்வளவு பயங்கரம் இல்லாவிட்டாலும் தமிழ்நாட்டிலும் ஒரு மணல் கடற்கரை இருக்கிறது. தூத்துக்குடிக்குத் தெற்கே திருச்செந்தூர், சாத்தான்குளம், குதிரைமொழி பக்கம் போனவர்களுக்குத் தெரியும். கடலோரத்தில் வெள்ளை மணல். கொஞ்சம் உள்ளே வந்தால் குங்குமத்தைக் கொட்டியது போல் செக்கச்செவேல் என்று மணல்மேடுகள். அதற்குத் தேரி என்று பெயர்.

மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களை ஆராயும் வேலை பூட்டுக்கு வந்தது. ராமேசுவரத்தில் கடலுக்கு மேலே தூக்கி நிற்கும் பவளப் பாறைகளைப் பார்த்தார். கடலோர மணற்பாறைகளைக் கண்டார். தேரிகளிலும் நடந்தார். 1883-இல் அவருடைய அறிக்கை வெளிவந்தது.

தேரியில் நடப்பது என்றால் என்ன என்று அந்தப் பக்கத்துப் பனையேறிகளைக் கேட்க வேண்டும். இரண்டு அடி வைத்தால் ஒரு அடி பின்னே சறுக்கும். உச்சி வெயிலில் மணல் காலைப் பொசுக்கும். ஆனி, ஆடிக் காற்று வந்துவிட்டாலோ கண்ணைத் திறக்க முடியாது. நேற்று இருந்த தடம் இன்று இராது.

இந்தச் செம்மணல் எங்கிருந்து வந்தது? இதுதான் பூட் தனக்குத்தானே போட்டுக்கொண்ட கேள்வி.

அவர் கண்ட பதில் இது. தென்மேற்குப் பருவக் காற்று மழையை எல்லாம் மலைக்கு மேற்கே கொட்டிவிடுகிறது. கணவாய் வழியாகக் கிழக்கே வருவது வறண்ட காற்று. ஆரல்வாய்மொழிப் பக்கம் அது பேய்க்காற்றாக வீசும். மலையடிவாரத்துச் செம்மண் நிலத்தை அது வருஷா வருஷம் வாரிக்கொண்டு வருகிறது. கடற்கரைக்கு அருகே கொட்டிக் குவிக்கிறது. பிற்கால ஆராய்ச்சியாளர்கள் அந்த மணலைப் பெரிதாக்கிப் பார்த்து, ஒவ்வொரு மணிக்கும் மேலே இரும்புத் துரு மெல்லிய தோல் போல் படிந்திருக்கிறது, அதனால்தான் சிவப்பு என்று சொன்னார்கள்.

தேரி சும்மா இருக்கும் பொருளும் அல்ல. அது நகரும். வயலை மூடும், கிணற்றைத் தூர்க்கும், தோப்பைக் கழுத்தளவுக்குப் புதைக்கும். பக்கத்துக் குடியானவனுக்கு அது விளையாட்டு இல்லை. பாட்டன் உழுத நிலம் பேரன் காலத்தில் மணலுக்கு அடியில் போய்விடும். பனையும் உடைமரமும் கொல்லாமரமும் வைத்துத்தான் மணலைக் கட்டிப் போட்டார்கள்.

அதே தேரிக்குள் நல்ல தண்ணீரும் உண்டு. அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனையைப் பார்த்தவர்கள், செம்மணலுக்கு நடுவே இப்படியும் ஊற்றா என்று மூக்கில் விரல் வைப்பார்கள். பெய்த மழையை மணல் அப்படியே குடித்து வைத்துக்கொள்கிறது. தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோயில் கள்ளர் வெட்டுத் திருவிழாவின்போது, அந்தச் செம்மண்ணை முடிந்து வீட்டுக்குக் கொண்டு போகிறார்கள். நிலத்தில் தூவினால் விளையும், பெட்டியில் வைத்தால் பெருகும் என்று நம்பிக்கை.

காற்று காட்டிக்கொடுத்த கற்கள்

காற்று ஒரு பக்கம் மூடும். இன்னொரு பக்கம் திறக்கும். மேல் மணல் பறந்து போன பள்ளங்களில் அடியில் உள்ள கெட்டித் தரை தெரியும். சாயர்புரத்துத் தேரியில் அப்படித் திறந்த தரையில் சின்னச் சின்னக் கற்சில்லுகளைப் பூட் எடுத்தார்.

சில்லு ஒவ்வொன்றும் நகம் அளவுதான் இருக்கும். காற்று மணலைக் கொண்டு வரும். கல்லைக் கொண்டு வராது. அப்படியானால் மனிதன்தான் கொண்டு வந்து, உட்கார்ந்து செதுக்கியிருக்க வேண்டும். மரக்கொம்பிலோ மூங்கிலிலோ வரிசையாகப் பதித்து அம்பாகவும் ஈட்டியாகவும் பயன்படுத்துகிற சிறு கருவிகள் இவை.

பல்லாவரத்துப் பெரிய கருவிக்கும் இதற்கும் வெகு தூரம். அது உள்ளங்கை நிறையப் பிடித்து வெட்டுகிற கல். பூட் இன்னொன்றையும் கவனித்தார். குவார்ட்சைட் என்னும் கெட்டியான கல் கிடைக்கிற பக்கங்களில்தான் பழைய கருவிகள் ஏராளம். தெற்கே போகப் போக அந்தக் கல்லும் இல்லை, கருவியும் இல்லை. மதுரைக்குத் தெற்கே ஆவியூரில் ஒன்று அகப்பட்டதோடு சரி. ஆதி மனிதனும் சாமான் கிடைக்கிற இடத்தில்தான் கடை விரித்திருக்கிறான்!

சேர்வராயன் மலையில் கதை வேறு. அங்கே கிடைத்தவை பிற்கால மனிதன் வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரிகள். மலைவாசிகள் அவற்றைக் கண்டெடுத்து மரத்தடியிலும் சிறு கோயில்களிலும் வைத்துக் கும்பிட்டு வந்தார்கள். வானத்திலிருந்து விழுந்தது என்று சிலர், சாமி என்று சிலர். எப்படியோ, பத்திரமாக இருந்தது.

ஏற்காட்டு வீடு

1880-களில் கர்நூல் பக்கத்துப் பில்லசுர்க்கம் குகைகளைப் பூட் தோண்டினார். பட்டாளத்தில் இருந்த அவருடைய மகனும் உதவிக்கு வந்தார். தங்கம் கிடைக்கும் பழைய பாறைகளைத் தனியாகப் பிரித்துத் தார்வார் என்று பெயர் வைத்தவரும் பூட்தான். 1891-இல் சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். 33 ஆண்டு உழைப்பு. அப்புறமும் பரோடா, மைசூர் சமஸ்தானங்கள் அவரை அழைத்து வேலை கொடுத்தன.

வயதான காலத்தில் அவருக்குப் பிடித்த இடம் ஏற்காடு. இங்கிலாந்துக்குத் திரும்பிப் போன துரைமார்கள் பலர். பூட் சேர்வராயன் மலையிலேயே தங்கிவிட்டார்.

வீடு நிறையக் கல். வெறும் கல் அல்ல; ஒவ்வொன்றும் எந்த ஊரில், எந்த மண்ணில் கிடைத்தது என்ற குறிப்போடு. 400-க்கும் மேற்பட்ட இடங்களில் சேர்த்தவை. கல்லும், பானை ஓடும், வளையல் துண்டும் அதில் அடக்கம். வெளிநாட்டில் விற்றிருந்தால் வாங்க ஆள் இருந்திருக்கும். 1904-இல் சென்னை அரசாங்க அருங்காட்சியகம் அதை வாங்கிக்கொண்டது. சேர்த்த மண்ணிலேயே சேர்த்த பொருள் தங்கியது.

பொருளைக் கொடுத்ததோடு பூட் கை கழுவிவிடவில்லை. ஒவ்வொரு கல்லுக்கும் விவரம் எழுத உட்கார்ந்தார். எழுபது வயது தாண்டியவர் செய்கிற வேலையா அது? ஆனாலும் விடாமல் எழுதினார்.

1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் தேதி கல்கத்தாவில் பூட் காலமானார். வயது 78. அவருடைய அஸ்தியை ஏற்காட்டுக்குக் கொண்டு வந்து அடக்கம் செய்தார்கள். அவர் எழுதி வைத்த பட்டியல் அச்சாகி வந்தபோது பார்க்க அவர் இல்லை. பட்டியல் 1914-இலும், விளக்கக் குறிப்புகள் 1916-இலும் வெளிவந்தன.

சாயர்புரத்துச் சில்லுகளை வெகுகாலம் யாரும் பெரிதாக எண்ணவில்லை. பிறகு அய்யப்பன் என்ற அறிஞர் அவற்றைப் பற்றி எழுதினார். அதற்கும் பிறகு, சாய்னர், ஆல்ச்சின் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் தேரி தேரியாகப் போய்த் தேடி 1956-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கடல் இப்போது இருப்பதைவிடச் சற்று உயரமாக இருந்த காலத்தில், அந்த மணல்மேடுகளுக்கு இடையே வேட்டையாடியும் மீன் பிடித்தும் மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு. பூட் நடந்த தேரிகளில் இப்போது பல இடங்களில் முந்திரித் தோப்பு. மேல் மணல் பறக்கிற பள்ளங்களில் மட்டும், ஆடிக் காற்று ஓய்ந்த பிறகு, நகம் அளவுக் கற்கள் இன்னும் வெளியே வந்து கிடக்கின்றன.